தூண்டில் உரிமக் கட்டணம் யாருக்குப் போகிறது?

மீன்பாசி குத்தகை எடுத்தவருக்கு ஏரியில் உள்ள மீன் சொந்தம். அமெரிக்காவில் பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுபவர் வாங்கும் உரிமம் அப்படியல்ல. அவர் மாநில அரசுக்குக் கட்டணம் கட்டுகிறார். மீன் சிக்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை. சிக்கினாலும் இத்தனைதான் எடுக்கலாம் என்று வரம்பு உண்டு. கலிஃபோர்னியாவின் பல நீர்நிலைகளில் ஒருவர் நாளொன்றுக்கு 5 ட்ரௌட் மீன்தான் எடுக்க முடியும். அப்படியிருந்தும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் வரிசையில் நின்று உரிமம் வாங்குகிறார்கள். ஏன் என்பது மீன்வள விரிவாக்கப் பணியில் இருக்கும் நீங்கள் அறிய வேண்டிய விஷயம்.

கலிஃபோர்னியாவில் 16 வயது நிறைந்தவர்களுக்கு உரிமம் கட்டாயம். சிறுவர்களுக்கு வேண்டாம். கடலில் உள்ள பொது மிதவைத்துறைகளிலும் பாலத்துறைகளிலும் நின்று தூண்டில் போடுவோருக்கும் வேண்டாம். ஆண்டுக்கு 2 நாட்கள் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பிடிக்கலாம். புதியவர்களைப் பழக்குவதற்கு இது ஒரு வழி.

அங்கே அண்மையில் நடந்த பெரிய மாற்றம், உரிமத்தின் காலம். முன்பு எந்த மாதத்தில் வாங்கினாலும் டிசம்பர் 31-ல் உரிமம் காலாவதியாகிவிடும். அக்டோபரில் முழுக் கட்டணம் கட்டியவருக்கு மூன்று மாதம்கூடக் கிடைக்காது. 2023 ஜனவரி முதல், வாங்கிய நாளிலிருந்து 365 நாட்கள் செல்லும் என்று சட்டம் மாறியது. வருவாய் குறைந்துவிடும் என்ற அச்சத்தால் இந்தக் கோரிக்கை பல ஆண்டுகள் தள்ளிப்போடப்பட்டது. இத்தனைக்கும் 1980-ல் இருந்ததைவிட ஆண்டு உரிமம் வாங்குவோர் எண்ணிக்கை பாதிக்கும் கீழாகக் குறைந்திருந்தது. அதே காலத்தில் மாநிலத்தின் மக்கள்தொகை பெருகியது. வாங்குகிறவரைச் சுரண்டி வருவாயைக் காப்பாற்ற முடியாது என்பதை ஒப்புக்கொள்ள அவர்களுக்கு இத்தனை காலம் பிடித்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி பணத்தின் பாதையைப் பாருங்கள். 2006 முதல் விளையாட்டு மீன்பிடி உரிமக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு, மீன் குஞ்சுப் பண்ணைகளுக்கும் உள்நாட்டு மீன்வளத்துக்கும் உரிய தனி நிதியில் சேர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. விற்கும் ஒவ்வொரு உரிமத்துக்கும் 2.75 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1.25 கிலோ ட்ரௌட் மீனை நீர்நிலைகளில் விட வேண்டும் என்ற இலக்கையும் அதே சட்டம் வைத்தது. விரலிகளை விட்டுக் கணக்குக் காட்ட முடியாது. பெரும்பகுதி, பிடிக்கத் தகுந்த அளவில் வளர்ந்த மீனாக இருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது இந்த எடைக் கணக்குதான். கட்டணம் கட்டியவர், தன் பங்குக்கு ஆற்றில் எவ்வளவு விட்டீர்கள் என்று நேரடியாகக் கேட்கலாம். (நீலகிரி அவலாஞ்சிப் பண்ணையில் வளர்க்கப்படும் வானவில் ட்ரௌட்டுக்கும் வட அமெரிக்காவின் அந்தப் பசிபிக் கரைதான் பூர்வீகம்.)

இலக்கு வைப்பது எளிது, நிறைவேற்றுவது கடினம். 2020 கோடையில் தெற்கு, கிழக்குக் கலிஃபோர்னியாவின் மூன்று பண்ணைகளில் லாக்டோகாக்கஸ் வகைப் பாக்டீரியா பரவியது. வேறு வழியில்லாமல் சுமார் 32 லட்சம் மீன்களை அழித்தார்கள். பிறகு தடுப்பூசிக்குப் போனார்கள். நெருக்கமாக வளர்க்கும் எந்தப் பண்ணைக்கும் இந்த ஆபத்து உண்டு என்பது மீன் வளர்க்கும் உங்களுக்குத் தெரியும். உரிமம் வாங்கியவருக்கோ அந்தப் பருவத்தில் பல ஏரிகளில் புது மீன் வரவில்லை.

மாநிலக் கட்டணத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பணம் இருக்கிறது. 1950-ல் வந்த டிங்கெல்-ஜான்சன் சட்டத்தின்படி தூண்டில், உருளை, செயற்கை இரை போன்ற பொருட்களுக்குத் தயாரிப்பாளரிடம் 10% கலால் வரி வாங்குகிறார்கள். 1984-ல் கூடுதல் தளவாடங்களும் மோட்டார் படகு எரிபொருள் வரியும் சேர்ந்தன. இந்தப் பணம் மாநிலங்களுக்குப் பிரியும்போது 40% நீர், நிலப் பரப்பையும் 60% உரிமம் பெற்றவர்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. எந்த மாநிலத்துக்கும் 5%-க்கு மேல் கிடையாது, 1%-க்குக் குறையவும் கூடாது. ஒரு திட்டத்தில் மத்திய அரசு 75% வரை தரும், மாநிலம் 25% போட வேண்டும். அந்த 25%-க்குப் பெரும்பாலும் உரிமக் கட்டணமே கை கொடுக்கிறது.

இதில் ஒரு பூட்டு உண்டு. உரிமக் கட்டணத்தை மீன், வனவிலங்குத் துறையைத் தவிர வேறு எதற்கும் செலவிடமாட்டோம் என்று மாநிலம் தன் சட்டத்தில் எழுதித்தர வேண்டும். சாலைக்கோ சம்பளப் பாக்கிக்கோ திருப்பினால், அந்தப் பணத்தைத் திரும்ப வைக்கும் வரை மத்தியப் பங்கு நிற்கும். பட்ஜெட் நெருக்கடி வரும் ஆண்டுகளில் மாநில நிதித்துறையின் கை அந்தப் பெட்டிக்குள் போகாமல் இருப்பது இதனால்தான். கட்டணம் கட்டுபவரின் நம்பிக்கைக்கும் இதுதான் அடிப்படை என்பது என் கணிப்பு.

குறை இல்லாமல் இல்லை. கட்டணம் விலைவாசிக் குறியீட்டோடு ஆண்டுதோறும் ஏறுகிறது. ஏற ஏறக் குறைந்த வருமானக்காரர் விலகுகிறார். அவர் விலகினால், 5% உச்சவரம்பைத் தொடாத நடுத்தர மாநிலங்களில் மத்தியப் பங்கும் சேர்ந்து இறங்கும். இலவச உரிமத்தை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது என்பதால், முதியோருக்கு இலவசம் அறிவிக்கும் மாநிலம் தன் கையையே கடித்துக்கொள்கிறது. இன்னொன்று: பணம் கட்டுகிறவர் விரும்பும் மீனைத்தான் பண்ணை வளர்க்கும். சியரா நெவாடா மலையேரிகளில் மீனே இல்லாத இடங்களிலும் ட்ரௌட்டை விட்டதால் மஞ்சள்கால் தவளை இனம் அருகியது. வழக்கு நீதிமன்றம் வரை போய், பல இடங்களில் மீன் விடுவதை நிறுத்த வேண்டியிருந்தது.

இப்போது அங்கே பேசப்படும் பிரச்சினை இணைய வணிகம். வெளிநாட்டு விற்பனையாளர்கள் தூண்டிலையும் இரையையும் நேரே வாங்குபவர் வீட்டுக்கு அனுப்பும்போது 10% வரி வசூலாகாமல் போய்விடுகிறது. உள்ளூர்த் தயாரிப்பாளர் வரி கட்டுகிறார், பக்கத்து வீட்டுக்கு வரும் பொட்டலம் கட்டுவதில்லை. இணையச் சந்தை நிறுவனங்களே அந்த வரியை வசூலித்துக் கட்ட வேண்டும் என்ற மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. தூண்டில் தயாரிப்பாளர்களே தங்கள் பொருளுக்கு உள்ள வரியை ஒழுங்காக வாங்குங்கள் என்று அரசிடம் கேட்கிறார்கள். ஆற்றில் மீன் இருந்தால்தான் தூண்டில் விற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.