முழங்காலுக்கு எந்த நாண்?

மக்கெய்சர் மைதானத்திலயோ ஏகாம்பரம் மைதானத்திலயோ ஒரு பொடியன் சடாரெண்டு திரும்பி, முழங்காலைப் பிடிச்சபடி விழுந்தால் போதும். எம்.ஆர்.ஐ. எடுக்க முதலே எங்களுக்குள்ள பட்டிமன்றம் தொடங்கிவிடும்: ஏ.சி.எல். அறுந்திருந்தால் எங்க இருந்து நாண் எடுத்து வைக்கிறது நல்லம்?

எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது என்பதுதான் எங்கட கருத்து. முழங்கால் சில்லுக்குக் கீழிருக்கும் நாணை இரு பக்க எலும்புத் துண்டோட எடுத்தால், எலும்பு எலும்போட விரைவா ஒட்டும். ஆனால் பிறகு முழந்தாளிடும்போது நோகலாம். தினமும் தொழுகிறவருக்கும் வள்ளத்தில் முழந்தாளிட்டு வலை இழுக்கிறவருக்கும் அது சின்ன விசயமில்லை. பின்தொடை நாண் எடுத்தால் அந்த நோவு குறைவு. ஆனால் காலை மடக்கும் பலம் கொஞ்சம் குறையும், அது வேக ஓட்டக்காரருக்கு இடிக்கும். முன்தொடை நாண் தடிப்பானது, இப்ப அதிகம் பேசப்படுது. இறந்தவரிடம் பெறும் நாணோ இளம் வீரர்களில் திரும்ப அறும் வாய்ப்புக் கூடியது.

நாணை மட்டும் பார்த்தாலும் போதாது. பின்தொடை நாண் வைத்த 14 முதல் 25 வயதுக்காரரிடம் நடந்த ஆய்வொன்று 2020இல் வெளிவந்தது. முழங்காலின் வெளிப்பக்கத்திலும் ஒரு பட்டியை இறுக்கியபோது, இரண்டு வருசத்தில் நாண் அறுந்தவர்கள் 11 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைந்தார்கள். ஆகவே டொக்டரிடம் "எந்த நாண்?" என்பதோட "எனக்கு இதுவும் தேவையா?" என்றும் கேளுங்கோ.

ஆனால் நாங்கள் உண்மையில் பயப்படுறது ஒப்பிரேஷனுக்கு இல்லை, அதுக்குப் பிறகு வரும் அவசரத்துக்கு. வைத்த நாண் உடனே லிகமென்ட் ஆகிவிடாது. முதல் மாசங்களில் அது இன்னும் பலவீனமாகும். ரத்த ஓட்டம் வந்து உரமேற நாள் எடுக்கும். நோவு போனால் சுகம் என்று நம்புறதுதான் ஆபத்து. 2016இல் வெளியான நோர்வே ஆய்வில், விளையாட்டுக்குத் திரும்புறதை ஒன்பதாம் மாசம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாசத்துக்கும் மீள்காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

எங்கட கழகங்களோ, "ஃபைனல் வருது, ஆறு மாசம் ஆச்சுத்தானே, இறங்கு மச்சான்" என்று கூப்பிடும். அந்தப் பொடியனால மாட்டேன் என்று சொல்ல ஏலாது. அதனால அதை நாங்கள்தான் சொல்லவேணும். ஒன்பது மாசம் முடியாமல், இரண்டு காலின் பலத்தையும் ஒப்பிட்டுப் பார்க்காமல், யாருடைய பெயரையும் அணியில் போடக்கூடாது. ஒரு கிண்ணம் அடுத்த வருசமும் வரும்.