ருமேனியப் பெண்களின் விழாவும் எமது மகளிர் தின மேடையும்

ருமேனியா என்ற பெயர் இப்போது எமது தோட்டங்களுக்குப் புதிதல்ல. வெளிநாட்டு வேலைவாய்ப்பு விளம்பரங்களில் குவைத், சவூதி, கட்டார் என்ற பெயர்களோடு அதுவும் சேர்ந்துவிட்டது. தையல் ஆலைக்கு ஆள் வேண்டும், கட்டட வேலைக்கு ஆள் வேண்டும் என்கிறார்கள். எமது நாட்டு இளைஞர்களும் யுவதிகளும் போகவும் செய்கிறார்கள். அந்த நாட்டுக்கு ஏன் ஆள் தட்டுப்பாடு வந்தது என்று கேட்பவர்கள்தான் குறைவு. அந்த நாட்டவரே இலட்சக்கணக்கில் வேறு நாடுகளுக்கு வேலை தேடிப் போய்விட்டார்கள் என்பது அதற்கான பதிலில் பெரும் பங்கு.

அப்படிப் போன பெண்களைப் பற்றியும், அவர்கள் மார்ச் மாதத்தில் ஒன்றுகூடி தம்மவரில் சாதித்த பெண்களைக் கௌரவிக்கும் விழாக்களைப் பற்றியும் இங்கே எழுதுகிறோம். அந்த விழாக்களைப் பற்றி எமக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அது எமது சொந்த மேடைகளையும் சுடும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

இத்தாலியில் வாழும் வெளிநாட்டவரில் ருமேனியர்களே மிகப் பெரிய சமூகம். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அதில் பாதிக்கு மேல் பெண்கள். மார்ச் பிறந்ததும் இவர்களிடையே ஒரு சுறுசுறுப்பு வந்துவிடும். மார்ச் 1ஆம் திகதி சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலில் சிறு அணி ஒன்றைக் கட்டி வேண்டியவர்களுக்குக் கொடுப்பது அவர்களின் வழக்கம். மர்த்சிஷோர் என்பார்கள். எமது காப்புக் கயிறு போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து மார்ச் 8. ருமேனியாவில் அது மகளிர் தினமாகவும் அன்னையர் தினமாகவும் கொண்டாடப்பட்டு வந்த நாள். இத்தாலியர்கள் அன்று பெண்களுக்கு மஞ்சள் நிற மிமோசாப் பூ கொடுப்பார்கள். ஆகவே விழா மண்டபத்தில் இரண்டு ஊர் வழக்கங்களும் கலந்திருக்கும். சட்டையில் சிவப்பு வெள்ளை நூல், கையில் மஞ்சள் பூ, பூவேலை செய்த வெள்ளை மேற்சட்டை, கோவா இலையில் இறைச்சியும் அரிசியும் சுருட்டி அவித்த சர்மாலே.

மேடைக்கு அழைக்கப்படுபவர்கள் பெரும்பாலும் மருத்துவர்கள், சட்டத்தரணிகள், வியாபாரம் தொடங்கி நிமிர்ந்தவர்கள், பாடகிகள், எழுத்தாளர்கள். வரலாற்றுப் பெயர்களுக்கும் குறைவில்லை. 1976இல் மொன்றியல் ஒலிம்பிக்கில் பதினான்கு வயதில் பத்துக்குப் பத்துப் புள்ளி வாங்கிய நாதியா கொமனேச்சியை உலகம் அறியும். அந்த நாதியாவும் 1989 நவம்பரில் இரவோடிரவாக ஹங்கேரி எல்லையை நடந்தே கடந்து நாட்டை விட்டு வெளியேறியவர்தான். சார்மிசா பில்செஸ்கு என்ற பெண் 1890இல் பாரிஸ் நகரில் சட்டத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். சட்டம் ஒரு தாய்க்கு என்ன இடம் கொடுக்கிறது என்பதுதான் அவருடைய ஆய்வின் பொருள். இதைப் படித்தபோது நாம் சற்று நின்றோம். நூற்று முப்பது வருடங்களுக்கும் மேல் கழித்து, அந்த மண்டபத்தின் பின்வரிசை நாற்காலிகளில் இருப்பவர்களின் கேள்வியும் அதுதான்.

பின்வரிசையில் இருப்பவர்கள் யார்? இத்தாலியில் அவர்களுக்கு 'பதாந்தே' என்று பெயர். வயோதிபர் ஒருவரின் வீட்டிலேயே தங்கி, குளிப்பாட்டி, உணவூட்டி, மருந்து கொடுத்து, இரவில் எழுந்து புரட்டிப் படுக்க வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண். இன்று ஐம்பது, அறுபது வயதை எட்டியிருக்கும் இவர்களில் பலர் ஒரு சட்டத்தின் பிள்ளைகள். 1966இல் ருமேனிய அரசு கருக்கலைப்பைத் தடைசெய்தது. நாட்டுக்குத் தொழிலாளர் வேண்டும், பெற்றுத் தாருங்கள் என்று பெண்களைக் கட்டாயப்படுத்தியது. 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்த பிறகே அந்தத் தடை நீங்கியது. அப்படிப் பிறக்க வைக்கப்பட்டவர்கள் வேலை செய்யும் வயதுக்கு வந்தபோது ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2002 முதல் விசா இல்லாமல் மேற்கு ஐரோப்பாவுக்குப் போகலாம் என்றானது. 2007இல் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. பஸ் ஏறினார்கள்.

இத்தாலியில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று தேசிய அளவில் ஒரு கூட்டு ஒப்பந்தம் இருக்கிறது. கூட்டு ஒப்பந்தம் என்ற சொல்லின் விலை எமது வாசகர்களுக்குத் தெரியும். வீட்டில் தங்கி வேலை செய்பவருக்கு வாரத்துக்கு 54 மணித்தியாலத்துக்கு மேல் வேலை கூடாது, வாரத்தில் 36 மணித்தியாலம் ஓய்வு, வருட முடிவில் பதின்மூன்றாவது மாதச் சம்பளம், வேலையை விட்டு நீங்கும்போது சேவைக்கால கொடுப்பனவு என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. எழுத்தில் நல்ல ஒப்பந்தம். நடைமுறையில் பல வீடுகள் உண்மையான மணித்தியாலத்தில் பாதியைத்தான் அரசாங்கத்தில் பதிகின்றன. மீதி வேலைக்குக் கையில் கொஞ்சம் காசு கிடைக்கும், அல்லது அதுவும் கிடைக்காது. ஓய்வூதியத்துக்கான பங்களிப்பு பதிந்த மணித்தியாலத்துக்கு மட்டுமே போகும். நிறை குறைந்தது என்று நாள் முழுக்க மலையில் நின்றவருக்கு அரைப்பேர் போடுவது எமக்குத் தெரியும். இருபது வருடம் அரைப்பேர் விழுந்தால் அறுபத்தைந்து வயதில் என்ன மிஞ்சும்? கொரோனா காலத்தில் ஆட்களை வேலையை விட்டு நிறுத்தக்கூடாது என்று இத்தாலிய அரசு தடை போட்டபோதும், வீட்டுப் பணியாளர்களை அந்தப் பாதுகாப்புக்கு வெளியே விட்டது.

உடல் களைப்போடு இன்னொன்றும் உண்டு. நீண்ட காலம் இப்படி வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிய பெண்களிடம் தூக்கமின்மையும் ஆழ்ந்த மனச்சோர்வும் இருப்பதை 2005இல் உக்ரேனிய மனநல மருத்துவர்கள் இருவர் கவனித்து, அதற்கு 'இத்தாலி நோய்க்குறி' என்று பெயர் வைத்தார்கள். ருமேனியாவின் யாஷ் நகரிலுள்ள சொக்கோலா மனநல மருத்துவமனைக்கும் இப்படியான பெண்கள் வந்தார்கள். வேற்று நாட்டு முதியவரை இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட அதே வருடங்களில், தன் பிள்ளை பாட்டியிடமோ அயலவரிடமோ வளர்ந்திருக்கும்.

பிள்ளைகள் விடயத்தில் ருமேனியச் சட்டம் ஒன்றை எமது நாட்டு அதிகாரிகளுக்குக் காட்ட வேண்டும் போலிருக்கிறது. வெளிநாடு போகும் பெற்றோர், போவதற்கு 40 நாட்களுக்கு முன்பே உள்ளூர் நிர்வாகத்துக்கு அறிவித்து, பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார் என்று பதிவு செய்ய வேண்டும். தாய் என்றும் தந்தை என்றும் அந்தச் சட்டம் பிரிக்கவில்லை. இங்கே 2013இல் கொண்டுவந்த குடும்பப் பின்னணி அறிக்கை பெண்ணை மட்டுமே கேள்வி கேட்டது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுடைய தாய் போக முடியாது. தந்தை போகலாம். தடை இருந்தபோதும் எமது தோட்டத்துப் பெண்கள் போனார்கள், தரகருக்குக் கூடுதலாகக் காசு கொடுத்து. 2022இல் காசு நாட்டுக்குத் தேவைப்பட்டபோது அந்த வயதெல்லையை இரண்டாகக் குறைத்தார்கள். ருமேனியாவிலும் எல்லோரும் அறிவித்துவிட்டுப் போவதில்லைதான். ஆனால் சட்டத்தின் பார்வை எங்கே நிற்கிறது என்பது முக்கியம்.

இனி விழாவுக்கு வருவோம். ஞாயிறு பின்னேரம் மட்டும் ஓய்வு கிடைக்கும் ஒரு பெண், நல்ல உடுப்பு உடுத்து, தன் மொழியில் சிரித்துப் பேசிவிட்டுப் போகட்டுமே, அதிலும் தொழிற்சங்கக் கணக்குப் பார்க்க வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வாரம் முழுக்க 'பதாந்தே' என்றே அறியப்படுபவர் அந்த மண்டபத்தில் தன் பெயரால் அழைக்கப்படுகிறார். அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனாலும் வீட்டுப் பணியின் அமைப்பை யோசித்துப் பாருங்கள். எமது பெண்கள் காலையில் பெரட்டுக்களத்தில் ஒன்றாக நிற்கிறார்கள். மலையில் வரிசையாக நிரை பிடிக்கிறார்கள். ஒருத்திக்குப் பேர் வெட்டினால் அடுத்த நிரையில் நிற்பவளுக்கு உடனே தெரியும். லயத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் தோட்டம் முழுக்கத் தெரியும். எமது சங்கம் வளர்ந்ததே அந்தப் பக்கத்து நிரையால்தான். பதாந்தேக்குப் பக்கத்து நிரை கிடையாது. ஒரு வீட்டுக்கு ஒருத்தி. மூடிய கதவு. தன் சம்பளத் துண்டு சரியா பிழையா என்று ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு துண்டு இல்லை. அப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில் ஒரே கூரையின் கீழ் கூடுவது வருடத்தில் சில நாட்கள்தான். அந்த மண்டபம் அவர்களின் பெரட்டுக்களம். அந்த மூன்று மணித்தியாலமும் கேடயத்துக்கும் புகைப்படத்துக்கும் விருந்தினர் உரைக்குமே போய்விட்டால் அது பெரிய நட்டம் என்பதே எமது கருத்து. மண்டபத்தின் மூலையில் ஒரு மேசை போட்டு, சம்பளத் துண்டு வாசிக்கத் தெரிந்த ஒருவரை உட்கார வைத்தால் போதும். மேடையில் இருக்கும் சட்டத்தரணி அம்மையாரையே இறங்கி வந்து உட்காரச் சொல்லலாம். அவருக்கும் அது கௌரவம்தான்.

சாதனை என்றால் என்ன என்பதிலும் எமக்கு ஒரு வழக்கு இருக்கிறது. ஒஸ்திரியாவில் முதியோரை வீட்டில் தங்கிப் பராமரிக்கும் பெண்களில் பெரும்பாலோர் ருமேனியாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் இருந்து வருபவர்கள். சில வாரங்கள் வேலை, சில வாரங்கள் ஊர் என்று மாறி மாறிப் போய் வருவார்கள். 2020 மே மாதத்தில் எல்லைகள் மூடிக் கிடந்தபோதும் இவர்களை ஏற்றிவர ருமேனியாவின் திமிஷோராவிலிருந்து வியன்னாவுக்கு விசேட ரயில் விட்டார்கள். அவ்வளவு தேவைப்பட்டார்கள். அதே ஒஸ்திரியா, 2019 ஜனவரி முதல், பிள்ளை வேறு நாட்டில் வசித்தால் அந்த நாட்டு விலைவாசிக்கு ஏற்பத்தான் குடும்பக் கொடுப்பனவு என்று சட்டம் போட்டது. ருமேனியத் தாய்க்குக் கிடைத்தது ஏறக்குறைய பாதியானது. அவர் கட்டும் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு மட்டும் குறையவில்லை. பராமரிப்பாளர்கள் குரல் எழுப்பினார்கள். ஐரோப்பிய ஆணைக்குழு வழக்குப் போட்டது. 2022 ஜூன் 16ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம் அந்தக் குறைப்பு சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. வெட்டிய பணத்தை ஒஸ்திரியா திருப்பிக் கொடுத்தது. (2011இல் வீட்டுப் பணியாளருக்கான சர்வதேச சாசனம் நிறைவேறியதும் அதே ஜூன் 16தான்.)

ஜெர்மனியிலும் ஒன்று நடந்தது. ருமேனியாவின் அயல்நாடான பல்கேரியாவைச் சேர்ந்த ஒரு பராமரிப்பாளர், வாரத்துக்கு 30 மணித்தியாலம் என்று எழுதிய ஒப்பந்தத்தில் நாள் முழுக்க வேலை வாங்கினார்கள் என்று நீதிமன்றம் போனார். இரவில் எழுப்பினால் ஓடிவரத் தயாராகக் காத்திருக்கும் நேரமும் வேலை நேரம், அதற்கும் குறைந்தபட்சச் சம்பளம் உண்டு என்று 2021 ஜூன் 24ஆம் திகதி கூட்டாட்சித் தொழில் நீதிமன்றம் சொன்னது. துணைக்குத் தொழிற்சங்கம் நின்றது. ஒரு பெண் தன் வேலை நேரத்தை எண்ணிக் கேட்டதால் வந்த தீர்ப்பு இது. இப்படிப்பட்டவரைத்தான் முதல் வரிசையில் உட்கார வைக்க வேண்டும். நாதியாவின் பத்துப் புள்ளிக்குக் கை தட்டுவதில் பிழையில்லை. ஆனால் அதைப் பார்த்து பின்வரிசைப் பெண் அடுத்த நாள் செய்யக்கூடியது எதுவுமில்லை. மணித்தியாலத்தை எண்ணிக் குறித்து வைப்பதை அவர் செய்யலாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு எமது மகளிர் தினத்தைப் பற்றி வாய் மூடிக்கொண்டால் அது நேர்மையாகாது. எமது விழாவில் என்ன நடக்கிறது? மாலையும் பொன்னாடையும் பிரதம அதிதிக்கு. முன்வரிசைக் கதிரைகள் ஆண் தலைவர்களுக்கு. பேச்சாளர் பட்டியலில் பெண் ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். கொழுந்து எடுப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள், சந்தாவும் அவர்கள் பேரில்தான் வெட்டப்படுகிறது. அவர்கள் வெயிலில் அல்லது தகரக் கொட்டகையின் கடைசியில் நின்று, சோற்றுப் பார்சலை வாங்கிக்கொண்டு லொறி ஏறுகிறார்கள். சாதனைப் பெண் விருது ஆசிரியைக்கோ, பல்கலைக்கழகம் போன பிள்ளைக்கோ போகிறது. அவர்கள் எமது பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் கட்டாமல் விட்ட சேமலாப நிதியைக் கேட்டுத் தொழில் திணைக்களத்துக்கு எட்டுத் தடவை பஸ் ஏறி வாங்கிவந்த பெண்ணை எந்த வருடமாவது மேடைக்கு அழைத்தோமா? தராசில் கழிவு கூடுதலாக வெட்டுகிறார்கள் என்று கணக்கப்பிள்ளையின் முகத்துக்கு நேரே சொன்னவளை? குவைத்தில் சம்பளம் தராத வீட்டிலிருந்து வெளியேறி, தூதரகத்தில் முறையிட்டு, பாக்கியை வாங்கிக்கொண்டு வந்தவளை? அவர்களின் பெயர் எமது பதிவேட்டில்கூட இல்லை.

வரும் மார்ச் மாத விழாவுக்கு எமது மாதர் பிரிவிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். ஒவ்வொரு தோட்டத் தலைவியும் தன் தோட்டத்தில் கேட்டு வாங்கிய ஒரு பெண்ணின் பெயரையும், அவர் எதை எப்படி வாங்கினார் என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதி மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்பட்டும். எழுத முடியாவிட்டால் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவிக்கலாம். மேடையில் அவர்களே பேசட்டும், தலைவர்கள் கீழே உட்கார்ந்து கேட்கட்டும். சம்பளத் துண்டும் சேமலாப நிதிக் கூற்றும் பார்க்க ஒரு மேசை போடப்பட வேண்டும். வெளிநாட்டிலிருந்து திரும்பிவந்த பெண்கள், எமது சங்கத்தில் அங்கத்தவராக இல்லாவிட்டாலும், அழைக்கப்பட வேண்டும். விழாவையும் ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள். வேலை நாளில் வைத்தால் வருகிறவர்களுக்கு அன்றைய பேர் போய்விடும்.