அரங்கத் தீவு சொல்லும் திருப்பணிப் பாடம்

பனியன் தொழிலால் செழித்த திருப்பூர்ப் பகுதியின் சிற்றூர்களில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு காட்சியைக் காணலாம். ஊர்க்கோயிலுக்குக் கும்பாபிஷேகம் என்ற பேச்சு எழுந்தவுடன், நகரத்துக்குச் சென்று தொழிலில் உயர்ந்தவர்கள் ஊர் திரும்பித் திருப்பணிக் குழுவில் கூடுவர். “பழைய கல்தளத்தை எடுத்துவிட்டுப் பளிங்கு போடலாம், முன்மண்டபத்துக்கு இரும்புத் தகடு வேயலாம், தூண்களுக்கு வண்ணம் அடிக்கலாம்” என்று யோசனைகள் பிறக்கும். பக்தியில் குறைவில்லை, பணத்திலும் குறைவில்லை. ஆயினும் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவரின் மனம் மட்டும் சற்றே கலங்கும். தம் பாட்டனார் தொட்டு வணங்கிய தூணைத் தம் பேரனும் அவ்வாறே தொட்டு வணங்குவானா என்பது அவருடைய கவலை.

அக்கவலைக்கு விடை தேடுவோர் நொய்யலின் வழியே செல்லலாம். வெள்ளியங்கிரி மலைத்தொடரில் பிறக்கும் நொய்யல், பேரூரையும் திருப்பூரையும் கடந்து, சுக்ரீவன் வழிபட்டதாகக் கூறப்படும் சர்க்கார் பெரியபாளையத்துச் சுக்ரீஸ்வரரின் திருத்தலத்தையும் தழுவிச் சென்று, நொய்யல் என்னும் பெயர்கொண்ட ஊரிலேயே காவிரியில் கலக்கிறது. அக்காவிரி முக்கொம்பில் பிரிந்து, வடபால் கொள்ளிடமாகவும் தென்பால் காவிரியாகவும் ஓடி, நடுவே ஒரு தீவை ஈன்றெடுக்கிறது. திருவரங்கமும் திருவானைக்காவும் அமைந்த புண்ணியத் தீவு அது.

அத்தீவு ஒருகாலத்தில் தன் உயிரையே இழந்து நின்றது. 1323-ஆம் ஆண்டு டெல்லி சுல்தானியப் படை திருவரங்கத்தைத் தாக்கியபோது, பிள்ளை லோகாசாரியர் முதுமையையும் பொருட்படுத்தாமல் உற்சவ மூர்த்தியை எடுத்துக்கொண்டு தென்திசை நோக்கிப் புறப்பட்டார். மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடியில் அவர் பரமபதம் அடைந்தார். பெருமாளோ கேரளம், கருநாடகம் எனப் பல இடங்கள் கடந்து திருமலையில் நெடுங்காலம் எழுந்தருளியிருந்தார். விஜயநகரத் தளபதி கோபண்ணர் 1371-இல் அவரைத் திருவரங்கத்துக்கு மீண்டும் எழுந்தருளச் செய்தார். இடையே கழிந்தவை 48 ஆண்டுகள். ஏறத்தாழ இரண்டு தலைமுறைகள்.

திரும்பி வந்தபோது ஒரு சிக்கல் எழுந்ததாக வைணவ மரபு உரைக்கும். பழைய மூர்த்தி இல்லாத காலத்தில் வேறொரு திருமேனி அங்கு வழிபாட்டில் இருந்தது. வந்தவர் பழைய பெருமாள்தாமா என்று உறுதி கூற, நேரில் கண்டு தொழுதவர் எவரும் எஞ்சவில்லை. இறுதியில், பெருமாளின் ஆடைகளை வெளுத்துத் தொண்டு செய்த முதிய வண்ணார் ஒருவரை அழைத்து வந்தனர். ஈரங்கொல்லி என்று நூல்கள் அவரைக் குறிக்கும். கண் பார்வை மங்கிய அவர், இரு மூர்த்திகளுக்கும் திருமஞ்சனம் செய்வித்த ஈர ஆடைகளைப் பெற்று, ஒன்றில் கமழ்ந்த கஸ்தூரி மணத்தைக் கொண்டு, “இவரே நம்பெருமாள்” என்றாராம். துணியை நம்பி வாழும் ஊர்க்காரர்களுக்கு இவ்வரலாறு சற்று அதிகமாகவே நெகிழ்ச்சி தரும். ஊரின் நினைவு முழுவதும் அழிந்த பின்னும், ஓர் எளிய தொழிலாளியின் கைப்பழக்கத்தில் அது உயிரோடு இருந்தது.

பெருமாள் மீண்டபின் தீவும் மீண்டது. மண்டபங்களும் மதில்களும் எழுந்தன. வீதிகளில் மக்கள் குடியேறினர். ஏழு திருச்சுற்றுகளில் வெளிச்சுற்றுகள் இன்றும் மக்கள் வாழும் வீதிகளே. பூத்தொடுப்போர், மடைப்பள்ளியில் சமைப்போர், வேதமும் பிரபந்தமும் ஓதுவோர், திருவடி தாங்குவோர், தேர் இழுப்போர் என எத்தனையோ குடும்பங்களுக்கு அக்கோயில் வாழ்வாதாரம். சித்திரைத் தேருக்குச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து உழவர் பெருமக்கள் திரண்டு வருவர். கோயில் தளர்ந்தால் தீவு தளரும். கோயில் நிமிர்ந்தால் தீவும் நிமிரும்.

முற்காலத்தில் தொடங்கி நிறைவுறாமல் நின்ற தென்புற இராயகோபுரத்தை, அகோபில மடத்தின் 44-ஆம் பட்டம் ஜீயர் சுவாமிகள் முன்னின்று பணியைத் தொடங்கி, பதின்மூன்று நிலைகளும் 236 அடி உயரமும் கொண்ட இராஜகோபுரமாக 1987-இல் நிறைவேற்றினார். உலகமே வியந்த கட்டுமானம் அது. எனினும் 2015-ஆம் ஆண்டுக் கும்பாபிஷேகத்தை ஒட்டி நடந்த திருப்பணி வேறொரு வகையில் வியக்கத்தக்கது. அங்கே முதன்மையாக நடந்தது, வேண்டாதவற்றை அகற்றும் பணி.

காலப்போக்கில் மண்டபங்களுக்குள்ளும் திருச்சுற்றுகளிலும் எழுந்திருந்த சிமென்ட் தடுப்புகளும் பிற்காலக் கட்டடங்களும் நீக்கப்பட்டன. படிந்திருந்த மண்ணும் இடிபாடும் வெளியேற்றப்பட்டன. முன்னோர் அமைத்த மழைநீர்ச் சேகரிப்பும் வடிகால் வழிகளும் மீண்டும் செயலுக்குக் கொண்டுவரப்பட்டன. இருபுறமும் ஆறு ஓடும் தீவில் நீர் தேங்கினால் என்னாகும் என்பதைப் பழைய சிற்பிகள் நன்கறிந்திருந்தனர். அவர்கள் அமைத்த வழியைப் பின்வந்தோர் அடைத்துவிட்டனர். மரபுவழி ஸ்தபதிகளின் கைத்திறனும் அறங்காவலர், அறநிலையத் துறை, கொடையாளர் ஆகியோரின் ஒத்துழைப்பும் சேர்ந்து நிறைவேறிய இப்பணிக்கு, யுனெஸ்கோ அமைப்பு 2017-இல் ஆசிய-பசிபிக் பண்பாட்டு மரபுப் பாதுகாப்பு விருதை அளித்துச் சிறப்பித்தது.

சிமென்டை ஏன் விலக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். சுண்ணாம்பும் மணலும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் வார்த்து அரைத்த பழைய சாந்து, ஈரத்தை உள்வாங்கினாலும் மீண்டும் வெளிவிடும். சிமென்ட் அவ்வாறன்று, ஈரத்தை உள்ளேயே சிறைப்படுத்தும். அது பழைய செங்கல்லையும் சுதையையும் உள்ளிருந்தே அரிக்கும். கல்தூண்களின் மீது அழுத்தத்துடன் மணலைப் பீய்ச்சித் தூய்மை செய்வது இன்னும் கொடியது. சிற்பத்தின் முகக்களையும் கல்வெட்டின் எழுத்தும் தேய்ந்து போகும். அதனாலேயே அம்முறை கோயில்களில் தடை செய்யப்பட்டது. திருவரங்கத்துப் பெரிய பெருமாளே சுதைத் திருமேனியர். திருமஞ்சனம் இன்றித் தைலக்காப்பு மட்டுமே அவருக்கு. எந்தப் பொருளுக்கு எந்தப் பராமரிப்பு என்பதை முன்னோர் எத்துணை நுட்பமாக வகுத்திருந்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

கொங்கு நாட்டுச் சிற்றூர்களைச் சுற்றி ஆறில்லை. ஆனால் அவையும் ஒருவகையில் தீவுகளாகிவிட்டன. இளைஞர்கள் ஆலைகளுக்குச் சென்றுவிட, முதியோரும் பூட்டிய வீடுகளுமே பல ஊர்களில் எஞ்சியிருக்கின்றனர். சிதறிய உறவுகளை ஆண்டுக்கொரு முறையேனும் ஒன்றுசேர்ப்பது குலதெய்வக் கோயிலும் ஊர்க்கோயிலுமே. அங்கு வரும் பேரப்பிள்ளைக்கு, “இது உன் பூட்டனார் காலத்துத் தூணடா” என்று காட்ட அந்தத் தூண் இருக்க வேண்டும். நகரத்து அங்காடியில் காணும் பளிங்கையே அங்கும் கண்டால், அவன் எதைத் தன் ஊர் என்று நினைவில் கொள்வான்?

ஆகவே திருப்பணிக் குழுவில் அமரும் பெரியோர் சிலவற்றை வற்புறுத்திச் சொல்லலாம். எதைப் புதிதாகச் சேர்ப்பது என்று பேசுமுன், எதை நீக்குவது என்று ஸ்தபதியையும் தொல்லியல் அறிந்தவரையும் கேட்கவேண்டும். தரையைத் தொடுமுன் மழைநீர் செல்லும் வழியைக் கண்டறிய வேண்டும். எழுத்துள்ள கல் எதுவாயினும், உளி படுமுன் அதைப் படியெடுத்து வைக்கவேண்டும்.

மற்றொன்றும் உண்டு. கும்பாபிஷேகத்துக்கு இலட்சம் இலட்சமாக வழங்கும் கைகள், அடுத்த ஆண்டு விமானத்தில் முளைக்கும் அரசங்கன்றைப் பிடுங்கச் சில நூறு ரூபாய் தர மறந்துவிடுகின்றன. அக்கன்று வேர்விட்டால் பன்னிரண்டு ஆண்டில் விமானத்தையே பிளக்கும். திரளும் நன்கொடையில் ஒரு பங்கைச் செலவிடாமல் வைப்புநிதியாக வைத்து, அதன் வட்டியில் ஆண்டுதோறும் பராமரிப்பு நடத்துவது அறிவுடைமை. முதலைக் காப்பாற்றும் குடும்பமே நிலைக்கும். முன்னோர் விட்டுச்சென்ற கல்லும் சுதையும் ஊரின் முதல்.

அன்று ஈர ஆடையின் மணத்தால் பெருமாளை அடையாளம் காண ஒரு முதியவர் இருந்தார். இன்று ஊர்க்கோயிலின் பழமையை அடையாளம் காட்ட எஞ்சியிருப்பவர்களும் முதியவர்களே. திண்ணையில் கலங்கி அமர்ந்திருக்கும் அப்பெரியவர் எழுந்து சென்று, குழுவின் நடுவே தம் கருத்தைச் சொல்லட்டும். அதுவும் ஒரு திருப்பணியே.