கேட்டவர் திருப்பிச் சொன்னால்தான் பேச்சு!

சகோதரிகளே, நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நம்மில் பலருக்குக் கை கால் உதறும். எனக்கோ ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது! அந்தக் குணம் ஒரு நாள் என்னை எப்படி நடுங்க வைத்தது தெரியுமா?

திருவண்ணாமலையில் எங்கள் தெரு அங்கன்வாடியில் தாய்மார் கூட்டம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் வீட்டில் என்ன செய்வது என்று ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நான் கிருமி, ஈ, கை கழுவுவது, பாட்டி வைத்தியம் என்று முக்கால் மணி நேரம் வெளுத்து வாங்கினேன். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு ஒரே பூரிப்பு! வாசலில் செருப்பு மாட்டும்போது ஓர் இளம் தாய் கேட்டாள்: "ஆறு ஸ்பூன் உப்பு, அரை ஸ்பூன் சர்க்கரைதானே அக்கா?"

பகீரென்றது. நான் சொன்னது நேர் எதிர்! அவ்வளவு உப்பு குழந்தையின் உயிருக்கே ஆபத்தாயிற்றே!

நர்ஸம்மாவிடம் சொல்லி வருத்தப்பட்டேன். அவர் ஒரு சேதி சொன்னார். வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம், 1980 முதல் 1990 வரை ஒரு கோடிக்கும் அதிகமான வீடுகளுக்குப் பெண்களை அனுப்பி, உப்பும் வெல்லமும் கரைத்த நீர் தயாரிக்கக் கற்றுக் கொடுத்ததாம். சொல்ல வேண்டியதைப் பத்தே விஷயமாகச் சுருக்கிக் கொண்டார்களாம். பிறகு வேறொருவர் போய்த் தாய்மாரைக் கேட்பாராம். அவர்களுக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் சொல்லிக் கொடுத்தவருக்குச் சம்பளம்! அந்தக் கணக்கில் எனக்குக் காலணா தேறியிருக்காது.

அடுத்த கூட்டத்தில் ஒரே விஷயம்தான். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர். தலை தட்டிய டீஸ்பூனால் சர்க்கரை ஆறு, உப்பு அரை. அவர்களையே கலக்கச் சொன்னேன். "ருசி பாருங்க. கண்ணீரை விடக் கரிச்சா கொட்டிடுங்க" என்றேன். ஒவ்வொருத்தியும் திருப்பிச் சொன்ன பிறகே விட்டேன். பத்தே நிமிடம்!

(ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைத்தால் அதுவே மேல். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். குழந்தை சோர்ந்து போய்க் குடிக்க மறுத்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.)

மாதர் சங்கமோ, பள்ளிக்கூடமோ, நீங்கள் பேசப் போனால் கை தட்டலை நம்பாதீர்கள். கேட்டவர் வாயால் திருப்பிச் சொல்ல வையுங்கள். போன வாரம் கடைத்தெருவில் அந்தப் பெண் என்னைப் பார்த்ததும், வணக்கம் கூடச் சொல்லாமல், "சர்க்கரை ஆறு, உப்பு அரை அக்கா!" என்று சிரித்தாள். அதை விடப் பெரிய கை தட்டல் எனக்கு வேண்டாம்.