நாற்பது நாள் கட்டில்



பிள்ளை பெற்றவளை 40 நாளும் கட்டிலை விட்டு இறங்க விடாமல் பார்ப்பதை நாம் அன்பு என்று நினைக்கின்றோம். ஆனால் அசையாத காலில் இரத்தம் உறைந்து கட்டியாகலாம். பிரசவத்தின் பின் 6 வாரங்கள் வரை இந்த ஆபத்து அதிகம். சத்திரசிகிச்சை செய்து பெற்றவருக்கு இன்னும் அதிகம்.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை நோகின்றதா? வாதம் என்று எண்ணெய் போட்டு உருவாதீர்கள். கட்டி கழன்று, இதயத்தின் வலப்பக்கம் வழியாகச் சென்று நுரையீரலில் அடைத்துவிடலாம். திடீர் மூச்சுத்திணறல், மூச்சிழுக்கையில் நெஞ்சுக்குத்து, இருமலில் இரத்தம், மயக்கம் ஆகியன அதன் அடையாளங்கள். இதயத்துக்கே இரத்தம் கொடுக்கும் குழாயைக் கட்டி அடைத்தால் அது மாரடைப்பு. எது என்று வீட்டில் பிரித்தறிய முடியாது. உடனே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

வைத்தியசாலையில் ஈ.சி.ஜி. எடுத்து இதயத்தையும், ஸ்கேன் செய்து காலையும் நுரையீரலையும் பார்ப்பார்கள். நுரையீரல் கட்டிக்குப் பெரும்பாலும் ஹெபரின் ஊசி, பின்னர் குறைந்தது 3 மாதம் மாத்திரை. வோர்பரின் கொடுத்தால் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். அது தாய்ப்பாலுக்குத் தடையல்ல. மீண்டும் கருவுற்றால் உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

ஷாபிஈ மத்ஹபில் நிபாஸின் வழமையான காலம் 40 நாள், கூடியது 60 நாள். அது தொழுகைக்கும் நோன்புக்கும் உரிய கணக்கு, படுத்திருப்பதற்கு உரியதல்ல. ஆண் வைத்தியர்தான் இருக்கின்றார் என்றும் தாமதிக்க வேண்டாம். உயிர் காக்கும் தேவைக்கு மார்க்கத்தில் அனுமதியுண்டு. எம்பிலிப்பிட்டிய வீடுகளில் இனிப் பிள்ளை பெற்றவள், வைத்தியர் அனுமதித்த நாளிலிருந்து எழுந்து நடக்கட்டும்.