இமை தொங்கினால் யார் குற்றம்?

சென்ற மாதம் செண்பகத்தோப்புக்குச் சென்றிருந்தோம். காட்டழகர் கோவிலுக்குப் போகும் குடும்பம் ஒன்று மரத்தடியில் இளைப்பாறிக்கொண்டிருந்தது. அதிலே மூன்று வயதுப் பையன் ஒருவன். இடது மேலிமை கண்மணியை மறைத்துத் தொங்க, புருவத்தை உயர்த்தி உயர்த்தி நம்மைப் பார்த்தான். விசாரித்தோம். “பிறந்ததிலேயிருந்து இப்படித்தாங்க. கிரகணத்தன்னிக்கு இவன் ஆத்தா வெளியே வந்துட்டா” என்றார் தாத்தா. இருக்கன்குடி மாரியம்மனுக்கு இரண்டு முறை வெள்ளிக் கண்மலர் சாத்தியாகிவிட்டதாம். டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டதற்கு, “பெரியவனாகட்டும், பார்ப்போம்” என்றார்.

தோழர்களே! அந்தக் கிரகணத்தன்று சினையாயிருந்த பசுக்களும் ஆடுகளும் வெளியில்தானே மேய்ந்தன? அவற்றின் கன்றுகளுக்கும் குட்டிகளுக்கும் இமை தொங்கவில்லையே, ஏன்? பழியைப் பெற்றவள் தலையில் போடுவதற்கு ஒரு கதை வேண்டும். அதற்குக் கிரகணம் அகப்பட்டது. அவ்வளவுதான் சங்கதி.

உண்மை என்னவெனில், மேலிமையைத் தூக்குவதற்கென்று ஒரு தசை உண்டு. சில குழந்தைகளுக்கு அது பிறவியிலேயே சரியாக வளர்வதில்லை. முதியவர்களுக்கு அதன் நார் நெகிழ்ந்துவிடும். மேல்தோலும் தளர்ந்து மடிந்து விழும். இதில் பூர்வஜன்மம் எங்கே இருக்கிறது என்று கேட்கின்றோம்.

“பெரியவனாகட்டும்” என்ற வார்த்தைதான் நமக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. பார்ப்பது கண் மட்டுமல்ல. மூளையும் பார்க்கப் பழக வேண்டும். அந்தப் பழக்கம் குழந்தைப் பருவத்து முதல் சில வருஷங்களில் உண்டாவது. கண்மணியை மூடியிருக்கும் கண்ணை மூளை தள்ளி வைத்துவிடுகிறது. இருபது வயதில் இமையைத் தூக்கித் தைக்கலாம். போன பார்வையைத் தூக்கித் தைக்க முடியாது. மாரியம்மனுக்கு வெள்ளிக் கண் கிடைத்தது. பையனுக்குச் சொந்தக் கண் போகிறது!

நிற்க, இதே தொங்கும் இமை ஒரு பெண்ணுக்கு இருந்துவிட்டாலோ, பெண் பார்க்க வருகிற கூட்டம் பஜ்ஜியைத் தின்றுவிட்டு “தூங்குமூஞ்சி” என்று சொல்லிப் போகிறது. சாமுத்திரிகா லட்சணக்காரன் “ஆகாது” என்கிறான். அவன் போனதும் அழகு வியாபாரி வருகிறான்: “கண்ணைக் கொஞ்சம் வெட்டினால் மாப்பிள்ளை வருவான்” என்கிறான். இருவரும் ஒரே சந்தையின் தரகர்கள் என்பதே நமது அபிப்பிராயம்.

இமையைச் செப்பனிடும் ரண சிகிச்சைக்கு 1818-ல் பெயரிட்ட ஜெர்மானிய டாக்டர் வான் கிராஃபே, புற்றுநோய் அரித்த இமையைச் சரிசெய்யவே அதைச் செய்தார். பிறகு 1896-ல் ஜப்பானில் மிகாமோ என்பவர் மடிப்பில்லாத இமைக்கு மடிப்பு உண்டாக்கும் முறையை எழுதினார். 1954-ல் கொரியாவிலிருந்த அமெரிக்க ராணுவ டாக்டர் மில்லார்ட் அதை அங்கே பரப்பினார். இன்று அந்நாட்டில் பள்ளிப் படிப்பு முடித்த பெண்ணுக்குப் பெற்றோரே இதைப் பரிசாகக் கொடுக்கிறார்களாம். தன் பாட்டியின் கண் தனக்கு இழிவு என்று ஒரு ஜனசமூகம் எண்ண நேர்ந்தது எப்படி? சிரிக்க வேண்டாம், கறுப்பு நிறத்தை மறைக்கக் களிம்பு வாங்குகிற நமக்குச் சிரிக்க யோக்கியதை கிடையாது.

ஆனாலும், வயது வந்த ஒருவர், ஆணோ பெண்ணோ, தம் விருப்பத்தினாலேயே செய்துகொள்வதானால் தடுக்க நாம் யார்? தெரிந்து செய்யுங்கள் என்பதே நமது கோரிக்கை. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இமையில் மட்டும் மரத்துப்போக ஊசி போடுவார்கள். இமை மடிப்பிலேயே கீறி, மிகுந்த தோலையும் வேண்டுமானால் சிறிது கொழுப்பையும் எடுத்து, மெல்லிய நூலால் தைப்பார்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். இரண்டு மூன்று நாள் முகம் அடிபட்டவர் போல வீங்கிக் கன்றும். கண்ணாடியைப் பார்த்துப் பதற வேண்டாம். தலையை உயர்த்திப் படுத்து, சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, இமைமேல் மெதுவாக ஒற்ற வேண்டும். ஒரு வாரத்தில் தையல் பிரிப்பார்கள். வீக்கத்தில் பெரும்பகுதி இரண்டு வாரத்தில் வடியும். தழும்பு மங்க மாதங்கள் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடம் தூக்குவது, குனிந்து களை எடுப்பது, கண்ணைக் கசக்குவது எல்லாம் டாக்டர் சொல்லும் நாள்வரை கூடாது. மையும் அப்படியே. தாய்ப்பாலும் விளக்கெண்ணெயும் பச்சிலைச் சாறும் கண்ணில் விடச் சொல்லும் பாட்டிமார்களை வணங்கி வெளியே அனுப்புங்கள். அதனால் கருவிழியில் புண் வைத்துப் பார்வை இழந்தவர் பலர்.

தோலை அதிகமாக எடுத்துவிட்டால் கண் முழுவதும் மூடாது, வறண்டு போகும். இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, இரத்தம் உறையாதிருக்கச் சாப்பிடும் மாத்திரை, இவற்றை மறைக்காமல் முன்பே சொல்லிவிட வேண்டும். ஆபரேஷனுக்குப் பின் கண் பிதுங்கி, தாங்காத வலி எடுத்து, பார்வை மங்கினால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அபூர்வம்தான், ஆனால் விடியட்டும் என்று இருந்தால் கண் போய்விடும். இவற்றைச் சொல்லாமல் “மதியம் வந்து மாலையில் போகலாம்” என்று மட்டும் பேசுகிறவனிடம் கண்ணைக் கொடுக்காதீர்கள்.

மலையடிவாரத்தாருக்கு இன்னொரு சங்கதி. நேற்றுவரை நன்றாயிருந்த இமை திடீரென்று தொங்கினால் அது அழகுப் பிரச்னையல்ல. இரவு தரையில் படுத்தவருக்கு விடியலில் இரண்டு இமையும் தூக்க முடியாமல் போனால் கட்டுவிரியன் கடியாக இருக்கலாம். பல் பட்ட அடையாளம்கூடத் தெரியாது. மந்திரிக்கிறவன் வீட்டைத் தாண்டி, விஷமுறிவு ஊசி இருக்கும் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். தலைவலியோடு ஒரு இமை விழுந்து, பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தாலும் அவசரமே.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை சுமார் 75 கிலோமீட்டர். அங்கே டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. பெயர் ஒரு யோகியின் பெயர்தான், இருக்கட்டும். கீல்வாதத்தால் விரல் முடங்கிய அந்த மனிதர், கோணிய விரல்களால் கத்தி பிடிக்கப் பழகி, லட்சத்துக்கு மேற்பட்ட கண் ஆபரேஷன் செய்தார். அங்கே இமைக்கென்றே தனிப் பிரிவு உண்டு. இந்தப் பையனைப் போன்றவர்களுக்கு, தசை மிகவும் பலவீனமானால், இமையை நெற்றித் தசையோடு நாரால் இணைத்துத் தூக்குவார்கள். அப்புறம் கொஞ்ச காலம் தூங்கும்போது கண் சிறிது திறந்திருக்கும்; மருந்து தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் பெரியவரிடம் சொல்லி, ஊரையும் ஆஸ்பத்திரியையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தோம். மடித்து மடியில் செருகிக்கொண்டு, பையனைத் தோளில் தூக்கி, கோவில் பக்கமாகவே நடந்தார். போகட்டும், திங்கட்கிழமை மதுரை பஸ் ஏறினால் சரி.