பூட்டை உடைத்த ஊர்

டெல்லியிலிருந்து சுமார் இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது ஹரியானாவின் பீவான் கிராமம். 2023 ஏப்ரலில் அந்த ஊருக்கு ‘ஜுகல்பந்தி’ என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளர் வந்தது. முதியோர் பென்ஷனுக்கு என்ன செய்ய வேண்டும், பிள்ளைக்கு உதவித்தொகை உண்டா என்று வாட்ஸ்அப்பில் வாய்விட்டுக் கேட்டால் போதும். கேள்வி ஆங்கிலத்துக்கு மாறி, அரசுத் திட்டங்களைத் துழாவி, கேட்டவர் மொழியிலேயே குரலாகத் திரும்பும். மொழி மாற்றும் வேலை சென்னை ஐஐடியின் ‘ஏஐ ஃபார் பாரத்’ குழுவினுடையது.

எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கு இது பெரிய உதவி, மறுப்பதற்கில்லை. மறு ஆண்டு மார்ச்சில் மத்திய அமைச்சரவை ‘இந்தியா ஏஐ மிஷ’னுக்கு 10,300 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது. தலைநகரில் பணத்துக்கும் பேச்சுக்கும் குறைவில்லை.

நமக்கோ பழைய ஒலிபெருக்கி ஒன்று நினைவுக்கு வருகிறது.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, கரையில் ஒலிபெருக்கி வழியே தமிழில் அறிவித்தார்கள். வலையை உதறிக்கொண்டிருந்தவர் காதிலும் விழுந்தது. மீன் கூடையோடு நின்றவர் காதிலும் விழுந்தது. சொன்னது பிசகினால் மையத்து வாசலில் போய்ச் சண்டை பிடிக்கலாம்.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். நல்லவாடு ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து போனில் எச்சரித்தார். அந்த ஊரின் அறிவு மையம் பூட்டியிருந்தது. உடைத்துக்கொண்டு உள்ளே போய் மைக்கைப் பிடித்தார்கள். வீடும் படகும் போயின. 3,000-க்கும் மேற்பட்ட சனம் பிழைத்தது. யாருடைய அனுமதிக்காகவும் அவர்கள் காத்து நிற்கவில்லை. அது அவர்கள் ஊர்ச் சொத்து.

இன்று பதில் சொல்லும் சர்வருக்கு ஊரில் கதவே இல்லை. உடைக்கப் பூட்டும் இல்லை. பதிலும் ஒருவர் காதோடு முடிகிறது. ‘உங்களுக்குத் தகுதியில்லை’ என்று இயந்திரம் தவறாகச் சொன்னால், பென்ஷன் கேட்ட ஒரு விதவை போனை முந்தானையில் முடிந்துகொண்டு வீடு திரும்புவார். தனக்குக் கிடைத்ததே இவருக்கும் கிடைக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லவும் வழியில்லை. பக்கத்து வீட்டுக்குச் சேதியே தெரியாது.

எனவே கோரிக்கை சிறியது. செயற்கை நுண்ணறிவு புழங்கும் ஒவ்வொரு ஊரிலும், அதனிடம் என்ன கேட்கப்பட்டது, அது என்ன சொன்னது என்பதை, கேட்டவர் பெயரை விட்டுவிட்டு, கிராம சபையில் உரக்கப் படியுங்கள். தவறைத் திருத்த, பெயரும் நாற்காலியும் உள்ள ஒரு மனிதரை உட்கார வையுங்கள். சண்டை பிடிக்க ஒரு வாசல் வேண்டும்.